மாடசாமி செய்த முழு வண்டி

எல்லப்பன் கேட்டது சாதாரணக் கேள்விதான். பெண் கேட்டு வந்தவனிடம் பெண்ணைப் பெற்றவர் கேட்கிற கேள்விகளில் அதைவிட எளிதானது கிடையாது.

"தம்பி இன்னா வேல பண்றீங்க?"

மாடசாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஊர் வேறு, ஆள் வேறு, எங்கோ தூத்துக்குடிக்காரன் என்ற சண்டைகளையெல்லாம் சுவாதியும் அவள் அம்மா லட்சுமியம்மாளும் மாதக்கணக்கில் போட்டு, அழுது, சாப்பிடாமல் கிடந்து, ஒருவழியாக முடித்திருந்தார்கள். பாக்கி இருந்தது இந்தக் கேள்வி ஒன்றுதான். அதற்கும் அவன் ஓசூரிலிருந்து உத்தனப்பள்ளி வரும்வரை பஸ்ஸில் உதட்டை அசைத்து அசைத்து ஒத்திகை பார்த்திருந்தான். பக்கத்து சீட்டுக்காரர் அவன் மந்திரம் ஜெபிக்கிறான் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தார்.

"மோட்டார் சைக்கிள் செய்யுதேன்யா."

"செய்றீங்களா? முழுசாவா?"

இந்த இரண்டாம் கேள்வி ஒத்திகையில் இல்லை. கதவோரம் நின்ற சுவாதி, ஆமாம் என்று சொல்லித் தொலை என்று கண்ணால் சொன்னாள். ஆனால் மாடசாமிக்கு ஒரு கோளாறு உண்டு. யாராவது உற்றுப் பார்த்தால் வாயிலிருந்து உண்மை வந்துவிடும்.

"முழுசா இல்லய்யா. லைன்ல வண்டி வரும். நான் இடது பக்கத்து ஃபுட்ரெஸ்ட் போல்ட்ட முடுக்குவேன்."

"அப்பால?"

"வண்டி போயிரும். அடுத்த வண்டி வரும்."

"அதுல?"

"அதுலயும் இடது பக்கந்தான்."

"வலது பக்கம்?"

"அதுக்கு வேற ஆளு இருக்கான்யா."

இது எல்லப்பனுக்குப் புதிது. அவர் தக்காளிக்காரர். நாற்று விட்டு, குச்சி நட்டுக் கட்டுவதிலிருந்து, கிரேட்டில் அடுக்கி வண்டி ஏற்றுவது வரை அவர் கைதான். விலை விழுந்தால் அதே கையால் ரோட்டோரம் கொட்டுவதும் அவர்தான்.

"எத்தினி வருசமா?"

"பன்னெண்டு வருசமா."

எல்லப்பன் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "லச்சுமி, கேட்டுக்கினியா? செக்கு மாடாச்சும் சுத்திச் சுத்தி வரும். தம்பி நின்ன எடத்துலயே நிக்கிறாராம். செக்குதான் சுத்துதாம்."

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. சிரிப்பை அடக்கியதால் விழுந்த பாத்திரம் அது.

"எம் பொண்ணும் அதே கம்பெனிதான்," என்றார் எல்லப்பன். "அவ முழு வண்டியும் பாத்து சரின்னு சொன்னாத்தான் அது கம்பெனி கேட்டத் தாண்டும். அவள ஒரு போல்ட்டுக்குக் கட்டிக் குடுக்கச் சொல்றீங்களே."

அப்போது மாடசாமி செய்தது வீரமா மடத்தனமா என்பதில் ஓசூரில் இன்றுவரை இரண்டு கட்சி இருக்கிறது. அவன் எழுந்து நின்றான். "நீங்க சொல்லுதது வாஸ்தவம்தான்யா. ஆனா நான் ஒரு வண்டிய வெறும் எலும்புக்கூட்டுலேருந்து முழுசா செஞ்சு, அதுல ஏறி உங்க வாசலுக்கு வாரேன். அன்னைக்குப் பேசுவோம்."

"வாப்பா," என்றார் எல்லப்பன். "முழு வண்டில வந்தா முழுசாப் பேசலாம். வரலன்னா பேச்சே வாணாம்."

திரும்பும் பஸ்ஸில்தான் அவனுக்கு மூளை வந்து சேர்ந்தது. மோட்டார் சைக்கிளை ஒற்றை ஆளாக எப்படிச் செய்வது? இன்ஜினை எங்கே போய் வாங்குவது? ஓசூர் வருவதற்குள் ஒரு வெளிச்சமும் வந்தது. அவன் 'வண்டி' என்றுதான் சொன்னான். மோட்டார் என்று சொல்லவே இல்லையே.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் ஜூஜுவாடியில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனான். பெங்களூரிலிருந்து எல்லையைத் தாண்டி வரும் பழசெல்லாம் முதலில் மூச்சு வாங்குகிற இடம் அது. உடைந்த வாஷிங் மெஷின்களுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றது ஒரு சைக்கிள் ஃப்ரேம். சக்கரமில்லை, ஹேண்டில் இல்லை, சீட்டில்லை. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. தூக்கிப் பார்த்தான். இரண்டு விரலில் வந்துவிட்டது. குழாய்கள் சேருகிற இடங்களில் வெற்றிலை நுனி மாதிரி கூராகச் சீவிய இரும்பு உறைகள். அந்த அழகை அங்கே வைக்க வேண்டிய அவசியம் எந்த இன்ஜினியருக்கும் இல்லை. யாரோ ஆசைப்பட்டு வைத்திருக்கிறான்.

"வெள்ளக்காரன் ரேஸ் சைக்கிளு," என்றார் கடைக்காரர். அவர் கடையில் இருக்கிற துரு எல்லாமே வெள்ளைக்காரன் துருதான். பின்னால் கிடந்த ஆட்டுக்கல்லைக்கூட அப்படித்தான் சொல்வார்.

பாகலூர் ரோட்டில் ராஜாத்தியம்மா வீட்டு மாடியில் மாடசாமி வாடகைக்கு இருந்தான். அந்த ஒற்றை அறையில் ஃப்ரேமுக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தான் தரையில் படுத்தான். உப்புத்தாளும் மண்ணெண்ணெயும் கொண்டு துருவைத் தேய்த்தான். துருவுக்கு அடியில் நீலம் வந்தது. நீலத்தில் ஒரு மயிரிழைத் தங்கக்கோடு வந்தது. போனில் சுவாதி, "சாப்ட்டியா?" என்று கேட்டால், "இன்னைக்கு அந்தக் கழுத்துப் பக்கம் ஒரு கோடு தெரிஞ்சுது பாரு, என்னா மெலிசு, என்னா வளைவு," என்று பதில் வந்தது.

"யாரப் பத்திச் சொல்ற நீ?" என்றாள் சுவாதி.

முதல் கண்டம் பெடல் அச்சு சுழலும் நடுக்குழாயில் வந்தது. அதன் வலது பக்கத்தில் பழைய மூடி ஒன்று துருப்பிடித்து இறுகியிருந்தது. அதைக் கழற்றினால்தான் புது அச்சு போட முடியும். மாடசாமியின் கை பன்னிரண்டு வருடமாக முடுக்க மட்டுமே பழகிய கை. கழற்றுவது அதற்குப் பாஷை தெரியாத ஊர். இருந்தாலும் எல்லோரும் கழற்றுவது போல இடதுபக்கமாகத் திருகினான். ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகித் தொங்கினான். ஸ்பேனர் வழுக்கி நகம் போயிற்று. ராஜாத்தியம்மா கீழேயிருந்து, "மாடசாமி! மேல என்ன, மாடு கட்டியிருக்கியா?" என்று கத்தினார். ஒருநாள் சலித்துப்போய், இனி ஆகாது, எழவு, என்று கைபோன போக்கில் பழகிய பக்கமே, அதாவது முடுக்குகிற பக்கமே, ஓங்கி ஒரு இழு இழுத்தான். கடக். மூடி கழன்று அவன் காலில் விழுந்தது.

அந்தப் பக்கத்து மரைக்கு எல்லாமே தலைகீழ் என்பதை அவன் பிறகுதான் தெரிந்துகொண்டான். அதுவரை கழற்றுவதாக நினைத்து முடுக்கிக்கொண்டிருந்தான். தன் வாழ்க்கையைப் பற்றி யாரோ எதையோ சொல்ல வருகிறார்கள் என்று தோன்றியது. கால் வலித்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை.

இரண்டாம் கண்டம் சக்கரம். பெங்களூர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தேடிப் பிடித்த மெல்லிய ரிம்மை ஸ்போக் ஸ்போக்காகக் கோத்து, பெண்டு எடுக்க உட்கார்ந்தான். ஒரு ஸ்போக்கை முடுக்கினால் எதிர்ப்பக்கம் கோணியது. எதிர்ப்பக்கம் முடுக்கினால் சக்கரம் முட்டை வடிவுக்குப் போயிற்று. கடைசியில் அது அப்பளம் பொரித்தது போல ஆனபோது, வெட்கத்தை விட்டு லைனில் பக்கத்தில் நிற்பவர்களிடம் சொன்னான்.

லைனில் அவனுக்கு மூன்று கூட்டாளிகள். சக்கரம் மாட்டுகிற திம்மராயன் உள்ளூர்க்காரன். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், கெட்ட வார்த்தைக்கு மட்டும் தமிழ். பிரேக் கேபிள் போடுகிற தங்கமணி நாமக்கல். கடைசியில் ஸ்டிக்கர் ஒட்டுகிற சென்னப்பன் பர்கூர். திம்மராயனுக்கும் தங்கமணிக்கும் நடுவில் முன்பு கோவிந்தப்பன் என்று ஒருவர் ஹேண்டிலை முடுக்கிக்கொண்டிருந்தார். அவரை ஸ்டோருக்கு மாற்றிவிட்டு அந்த இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு ரோபோவை நட்டார்கள். ரோபோவுக்கு ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பர் யாருக்கும் ஞாபகமில்லை. எல்லோருக்கும் அது கோவிந்தப்பன்தான். ஆயுத பூஜைக்கு அதன் கையில் சந்தனம் தடவி, பொட்டு வைத்து, பொரி வைப்பார்கள். பொரியை நிஜ கோவிந்தப்பன் வந்து எடுத்துக்கொண்டு போவார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் மாடி அறைக்கு வந்தார்கள். ஃப்ரேம் அப்போது புது நீலம் அடித்து, தங்கக்கோடு இழுத்து, கட்டிலில் கல்யாணப் பெண் மாதிரி படுத்திருந்தது.

"அய்ய, இதுக்காடா இத்தினி நாளு?" என்று திம்மராயன் சக்கரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். டீ ஆறுவதற்குள் அப்பளம் மறுபடி சக்கரமாகிவிட்டது.

"எப்படிய்யா செஞ்ச?" என்றான் மாடசாமி.

"எனுக்கின்னா தெரியும்? கை செஞ்சுது."

அதற்கப்புறம் அங்கே நடந்ததை வேறெந்த ஊர் சைக்கிள் கடையிலும் பார்க்க முடியாது. நால்வரும் பேசி வைத்துக்கொள்ளாமலே வரிசையாக நின்றுவிட்டார்கள். கொடிக்கயிற்றில் ஃப்ரேமைத் தொங்கவிட்டு, ஒருவர் முடித்ததும் அடுத்தவரிடம் தள்ளினார்கள். சென்னப்பன் வரிசையின் கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு, தன் முறை வரும்வரை ஒரு துரும்பையும் நகர்த்தாமல் நின்றான். பக்கத்திலிருந்த ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கச் சொன்னதற்கு, "அது என் ஸ்டேஷன் இல்லப்பா," என்றான்.

சற்று நேரத்தில் வேலை தொய்ந்தது.

"ஆராவது திட்டுனாத்தானுங் கை ஓடும்," என்றான் தங்கமணி. "சூப்பர்வைசர் இல்லாம ஒரு மாதிரியா இருக்குதுங்."

மாடசாமி காலால் தரையை இரண்டு உதை உதைத்தான். கீழேயிருந்து ராஜாத்தியம்மா ஆரம்பித்தார். "எருமைங்களா! கூரைய இடிக்கிறீங்களா? ஒரு நாளாவது உருப்படியா எதாச்சும் பண்ணியிருக்கீங்களாடா?" நால்வர் முகத்திலும் ஒரு நிம்மதி படர்ந்தது. வேலை சூடு பிடித்தது.

மாடசாமி அச்சும் பெடலும் செயினும் போட்டுத் தள்ளினான். திம்மராயன் சக்கரங்களை மாட்டினான். கிடாக்கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டிலை ஃபோர்க்குக்குள் இறக்கி, உச்சியில் இருந்த போல்ட்டை விரலால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, "போ!" என்றான். தங்கமணி வாங்கி பிரேக் கேபிள் இழுத்தான். சென்னப்பன் கடைசியில் பயபக்தியோடு ஒரு வேல் ஸ்டிக்கரை ஒட்டினான். வெள்ளைக்காரன் சைக்கிளில் வேல் எதற்கு என்று மாடசாமி கேட்டான்.

"எதுனா ஒட்டணுமில்ல? பின்ன நான் எதுக்கு வந்தேன்?"

தொங்கியபடியே பெடலைச் சுற்றினார்கள். பின்சக்கரம் விஸ்ஸென்று சுழன்றது. பிரேக்கைப் பிடித்தார்கள், நின்றது. லைனில் பரிசோதனை அவ்வளவுதான். உருளையில் ஓட விடுவார்கள், நிறுத்துவார்கள். மற்ற மூவரும் கை தட்டினார்கள். மாடசாமி தட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனான்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டா?" என்று திரும்பி வந்து கேட்டான்.

"ஓட்டறதா?" சென்னப்பன் பதறினான். "புது வண்டிப்பா! டயர்ல மண்ணு படலாமா? பேக்கிங் பண்ணு."

டயருக்கெல்லாம் பிளாஸ்டிக் காகிதம் சுற்றினார்கள். சென்னப்பனின் மச்சான் தக்காளி ஏற்றும் டாடா ஏஸ் குட்டி லாரிக்குச் சொல்லியாயிற்று. மாடசாமிக்கு இது உறுத்தியது. ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்றல்லவா சொல்லியிருக்கிறான்?

"வண்டி செஞ்சு, ஏறி வாரேன்னுதானே சொன்னே? எங்கேருந்து ஏறுவேன்னு சொன்னியா?" என்றான் திம்மராயன். "ஷோரூமுக்கு எந்த வண்டி அதுவே ஓடிப் போச்சு? லாரிலதான் போகும். அவங்க ஊருக்குக் கிட்ட எறக்கிக் குடுக்கறோம். நீ சும்மா ராஜா மாதிரி போ."

சுவாதியை ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லலாம் என்றும் மாடசாமிக்குத் தோன்றியது. ஆனால் அவள் வரமாட்டாள். "நான் ஒரு ஸ்குரூவத் தொட்டாக்கூட எங்கப்பா எம் பொண்ணு செஞ்ச வண்டின்னு ஊர்பூரா சொல்லுவாரு. நீயே பண்ணு," என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு காலை, உத்தனப்பள்ளிக்கு முந்தின வளைவில், புளியமரத்தடியில் ஏஸ் நின்றது. காகிதத்தைப் பிரித்தார்கள். வெள்ளைச் சட்டையில் இருந்த மாடசாமி ஏறி உட்கார்ந்தான்.

இறக்கம் ஆரம்பித்ததும் அவன் எல்லாவற்றையும் மறந்தான். எல்லப்பனை மறந்தான். சுவாதியைக்கூட ஒரு கணம் மறந்தான் என்று சொன்னால் அது கதைக்காகச் சொல்வதல்ல. இரண்டு பக்கமும் செண்டுமல்லிக் காடு மஞ்சளாக ஓடியது. சக்கரம் தாரின் மேல் ஒரு மெல்லிய சீட்டி அடித்தது. காலுக்கடியில் சுழல்வது தன் கை போட்ட அச்சு. பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ வண்டிகள் அவனைக் கடந்து போயிருக்கின்றன. எதுவும் அவனை ஏற்றிக்கொண்டு போனதில்லை. மாடசாமி வாய்விட்டுச் சிரித்தான். ஒரு பூச்சி வாய்க்குள் போயிற்று. அதையும் விழுங்கிவிட்டு மறுபடி சிரித்தான்.

கீழே எல்லப்பனின் வீடு தெரிந்தது. ரோட்டிலிருந்து வலதுபக்கம் திரும்பினால் வாசல். வாசலில் எல்லப்பன், லட்சுமியம்மாள், சுவாதி. சுவாதி சொல்லிவிட்டாளோ, லட்சுமியம்மாள் சொல்லிவிட்டாரோ, அக்கம்பக்கத்திலிருந்தும் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள்.

வீட்டுக்குச் சற்று முன்னால் ஒரு சின்னப் பள்ளம். சைக்கிள் அதில் இறங்கி ஏறியது. டங் என்று ஒரு சத்தம். மாடசாமி பிரேக்கை லேசாகப் பிடித்து, கம்பீரமாக ஹேண்டிலை வலதுபக்கம் திருப்பினான்.

ஹேண்டில் திரும்பியது. சக்கரம் திரும்பவில்லை.

இன்னும் கொஞ்சம் திருப்பினான். ஹேண்டில் பிரேக்கோடு சேர்ந்து முழுக்கத் திரும்பி அவனையே பார்த்தது. சைக்கிள் தன் பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவன் வாசலைப் பார்த்துச் சிரித்தபடியே வாசலைக் கடந்தான். கூட்டத்தின் தலைகள் எல்லாம் இடமிருந்து வலமாக ஒன்றுபோலத் திரும்பின.

"ஏய், எங்கடா போற?" என்று சுவாதி கத்தியது கேட்டது.

அது அவனுக்கும் தெரியவில்லை. ரோடு இடதுபக்கம் வளைந்தது. சைக்கிள் வளையவில்லை. விலை விழுந்து அந்த வாரம் எல்லப்பன் ரோட்டோரம் கொட்டியிருந்த தக்காளிக் குவியலுக்குள் முன்சக்கரம் புகுந்தது. பின்னாலேயே மாடசாமி புகுந்தான்.

அவன் எழுந்து நின்றபோது லட்சுமியம்மாள் ஐயோ ரத்தம் என்று அலறினார். "ரத்தமில்ல, ரசம்," என்றார் எல்லப்பன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் போய் முதலில் ஆளைத் தட்டித் தடவி எலும்பு பார்த்தார். பிறகு சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, முன்சக்கரத்தை முழங்காலால் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பினார். அது கோயில் ராட்டினம் போலத் தங்குதடையின்றிச் சுற்றியது.

அந்த நேரம் பார்த்து டாடா ஏஸ் வந்து நின்றது. அதிலிருந்து மூன்று பேர் குதித்தார்கள்.

"இவங்கோ ஆரு?"

மாடசாமிக்குக் கோளாறு மறுபடி தலைதூக்கியது. "கூட வேல பாக்குறவங்கய்யா. வண்டிய இவங்க சேந்துதான் செஞ்சாங்க. வளைவு வரைக்கும் ஏஸ்லதான் வந்துது."

சுவாதி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

எல்லப்பன் அந்த போல்ட்டைக் காட்டினார். "இத ஆரு முடுக்கனது?"

"நான் சக்கரம்," என்றான் திம்மராயன். "ஹேண்டில் வைப்பேன். ரெண்டு சுத்து விட்டுடுவேன். அதோட என் ஸ்டேஷன் முடிஞ்சுது."

"நானுங் கேபிளு. எங்கிட்ட வாறப்பவே அது முடுக்கித்தானுங் வரும்."

"நான் ஸ்டிக்கர்ப்பா," என்று சென்னப்பன் ஒரு அடி பின்னால் போனான்.

"அப்ப நடுவுல முடுக்கறவன் ஆருய்யா?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "கோவிந்தப்பன்," என்றார்கள்.

"எங்க அவன்? அவனக் கூப்புடுங்க. ஒரு ஆளு சாவ இருந்தான், ரோட்டுல லாரி கீரி வந்திருந்தா இன்னா ஆவறது? வரச் சொல்லுங்க அந்தக் கோவிந்தப்பன!"

"அவன் வரமாட்டானுங்," என்றான் தங்கமணி மெதுவாக. "தரையோட சேத்து போல்ட் போட்டிருக்குதுங். மிஷினுங் அது."

எல்லப்பன் நாலு பேரையும் ஒரு முறை சுற்றிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூட மாடசாமிக்குத் தேவலை போலிருந்திருக்கும். அதில் இருந்தது பரிதாபம். முழு வண்டியில் வரவில்லையென்றால் பேச்சே வேண்டாம் என்று சொன்ன மனிதர், அந்தப் பேச்சை முடித்துவிட வார்த்தை தேடுவது தெரிந்தது. சுவாதி தாவணி நுனியைச் சுருட்டுவது போலத் துப்பட்டாவைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் செய்து அவன் பார்த்ததேயில்லை.

"அம்மா," என்றான் மாடசாமி லட்சுமியம்மாளிடம். "மோட்டார் ரிப்பேருக்கு வச்சிருப்பீங்களே, ஸ்பேனர் கிடைக்குமா?"

பம்பு செட்டிலிருந்து ஒரு சாக்குப்பை வந்தது. மாடசாமி சைக்கிளை வாங்கி நிறுத்தினான். முன்சக்கரத்தைத் தன் முழங்கால்களுக்கு நடுவே பிடித்தான். ஒரு கண்ணை மூடி ஹேண்டிலைச் சக்கரத்தோடு நேர் வைத்தான்.

"டேய், அது உன் ஸ்டேஷன் இல்லடா," என்றான் சென்னப்பன் பழக்கதோஷத்தில்.

"சும்மா கிடல."

முடுக்கினான். அந்தக் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதை ஒழுங்காகச் செய்தது. பிறகு அங்கேயே நிற்காமல் பெடலுக்குப் போனான், பிரேக்குக்குப் போனான், சீட்டுக்குப் போனான், இரண்டு சக்கரத்தின் நட்டுகளுக்கும் போனான். வண்டியைச் சுற்றிச் சுற்றி, யாரும் அவனிடம் தள்ளிவிடாத ஒவ்வொரு போல்ட்டாகத் தேடித் தேடித் தொட்டான். தலையிலிருந்து தக்காளி விதை வழிந்தது. சுவாதி ஒரு அடி முன்னால் வந்தாள். வேலை பார்க்கிற இடத்தில் வண்டிகளைப் பார்க்கிற அதே கண்ணால் அவன் விட்டுவிட்ட ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். எதையும் சொல்லவில்லை. சொல்வதற்கு எதுவும் இல்லாததால் சொல்லவில்லை.

"தப்பு என் மேலதான்யா," என்று நிமிர்ந்தான். "கடைசியா ஒருக்கா நான் சுத்திப் பாத்திருக்கணும். இப்ப சரியா இருக்கு. நான் ஓட்டிக் காட்டட்டா?"

"நீ ஒண்ணும் ஓட்டிக் கிழிக்க வாணாம்," என்றார் எல்லப்பன். "நவுரு."

வேட்டியை மடித்துக் கட்டினார். ஏறி உட்கார்ந்தார். குனிந்து ஓட்டும் ஹேண்டில் அது. அவர் குனிகிறவர் இல்லை. மேலே நேராக இருந்த துண்டுக் கம்பியை மட்டும் பிடித்துக்கொண்டு, முதுகு விறைக்க, சாமி ஊர்வலம் போல் கிளம்பினார். ரோட்டுக்கு வந்தார். வலதுபக்கம் திருப்பினார். சைக்கிள் வலதுபக்கம் திரும்பியது. கூட்டம் ஆவென்றது.

பிறகு ஆளைக் காணோம்.

லட்சுமியம்மாள் எல்லோருக்கும் மோர் கொடுத்தார். மாடசாமி குழாயடியில் குளித்து, எல்லப்பனின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். இரண்டு மாடசாமி அதில் புகலாம். இரண்டாவது சொம்பு மோரும் தீர்ந்தது. "இந்த மனுசன் எங்க போய் விழுந்து கெடக்குதோ," என்று லட்சுமியம்மாள் ரோட்டுக்கு வந்து பார்த்தபோது, மேட்டில் ஒரு நீலப்புள்ளி தெரிந்தது. எல்லப்பன் இறக்கத்தில் பெடல் போடாமல் வந்துகொண்டிருந்தார். சக்கரம் சீட்டி அடித்தது. அவர் வாய் திறந்திருந்தது. ஹேண்டிலின் ஒரு கொம்பில் பால் சொசைட்டியிலிருந்து எடுத்துவந்த காலிக் கேன் தொங்கியது. இன்னொரு கொம்பில் யாரோ கொடுத்த இரண்டு சுரைக்காய்.

தங்கக்கோட்டில் கேன் இடித்து இடித்து வருவதைப் பார்த்து மாடசாமி கண்ணை மூடிக்கொண்டான்.

எல்லப்பன் இறங்கினார். மூச்சு வாங்கியது. தன் பெண்ணைப் பார்த்தார். தன் சட்டைக்குள் நின்ற மாடசாமியைப் பார்த்தார்.

"கல்யாணத்த ஆவணில வச்சுக்கலாம்," என்றார். "உங்கூட்டுப் பெரியவங்கள வரச் சொல்லு. ஆனா சைக்கிளு இங்கதான் இருக்கும். எடுத்துக்கினு போவக் கூடாது. சம்மதமா?"

எல்லோரும் மாடசாமியைப் பார்த்தார்கள்.

அவன் உடனே சொன்னான். உடனே என்றால் உடனே அல்ல. நடுவில் ஒரு இம்மி இருந்தது. அந்த இம்மியில் அவன் கண், நீல ஃப்ரேமின் வெற்றிலை நுனி மூட்டுகளுக்குப் போய், அங்கிருந்து புதுச் சிராய்ப்புக்குப் போய், அதற்கப்புறம்தான் சுவாதிக்கு வந்தது.

"சம்மதம்யா."

"பாத்தேன்," என்றாள் சுவாதி, பல்லைக் கடித்துக்கொண்டு, அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

"எதப் பாத்த?"

"யோசிச்ச. நானா சைக்கிளான்னு யோசிச்ச."

"யோசிக்கல சுவாதி. சத்தியமா. எச்சி முழுங்குனேன்."

"செத்தாலும் மறக்க மாட்டேன்."

எல்லப்பன் அதற்குள் மறுபடி ஏறிவிட்டிருந்தார். கல்யாணச் சேதியைத் தம்பி வீட்டில் சொல்ல வேண்டுமாம். தம்பி வீடு ரோட்டுப் பக்கம் இல்லை. வரப்பும் கல்லுமாக ஏரிக்கரையோரம் போகிற வழி அது. சைக்கிள் அந்தப் பக்கம் திரும்புவதைப் பார்த்ததும் மாடசாமி பெரிய சட்டை படபடக்க ஓடினான்.

"மாமா! மாமா, கல்லுல இறக்காதீங்க! ரிம்மு கோணிரும்! மெலிசு ரிம்மு மாமா!"

எல்லப்பன் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினார்.

சுவாதி அம்மாவிடம் திரும்பினாள். "கேட்டியாம்மா? அப்பாவ மொத மொத மாமான்னு கூப்புடறான். அதுவும் ரிம்முக்காக."